மச்சான் பிணைத்தார், நான் அறுத்தேன்

போன மாதம் நான் வேலை பார்த்த கலைக்கூடத்துக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஓய்வு பெற்ற பிறகு அதுதான் முதல் தடவை. சலவைச் சட்டை, கையைப் பின்னால் கட்டிய மிடுக்கு, பெரிய ரசிகன் மாதிரி முகம். ஒரு படத்தின் அடியில் ஓவியர் போட்ட கையெழுத்தைப் படிக்கலாம் என்று லேசாகக் குனிந்தேன். எங்கேயோ 'பீப் பீப்' என்று கத்தியது. எவனோ மாட்டிக்கொண்டான் என்று சந்தோஷமாகச் சுற்றிப் பார்த்தேன். கூடத்தில் என்னைத் தவிர ஒரு ஈ கூட இல்லை.

சீருடை போட்ட ஒரு பெண் ஓடி வந்தாள். பவித்ரா என்று சட்டையில் பெயர் இருந்தது.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சென்சார் வெச்சிருக்குது."

"அம்மாடி, இந்த எடத்துல நானே சென்சாரா நின்னவன்மா" என்றேன்.

பெயரைக் கேட்டாள். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கன்னியப்பன் சாரா? அந்த நூல் விஷயம் கன்னியப்பனா? உங்களப் பத்தி இங்க ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க சார். நீங்க கோவத்துல ஒரு மேடத்தோட படைப்பையே கிழிச்சிப் போட்டுட்டீங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. கேன்டீன் அண்ணன் உங்கள ஜெயிலுக்கே அனுப்பிட்டாரு."

"எத்தன வருசம் போட்டாரு?"

"அத அவரு சொல்லல சார்."

நடந்ததை எழுதிக் கொடுங்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றாள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நான் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனவன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிடவில்லை, நானும் தொந்தரவு செய்யவில்லை. இதில் பிழை இருந்தால் என் மகள் திருத்தியிருப்பாள். திருத்தாமல் விட்டிருந்தால் அது அவள் பிழை.

நான் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். எங்கள் தெருவில் பிறந்த ஆண்பிள்ளை தறியில் உட்காரவில்லை என்றால் ஒன்று கலெக்டர் ஆகியிருக்க வேண்டும், அல்லது உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். எனக்கு ஆனது கட்டைவிரலில். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி வலது கட்டைவிரல் நகம் நசுங்கிப் போனது. அதற்குப் பிறகு வளர்ந்த நகம் நேராக வளரவே இல்லை. ஓரத்தில் ரம்பம் மாதிரி ஒரு சொரசொரப்பு. வெட்டினாலும் தேய்த்தாலும் இரண்டு நாளில் பழையபடி வந்து நிற்கும்.

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டு இழைகள். ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்று அறுந்தாலும் நிறுத்தி, தேடி, பிணைத்துவிட்டுத்தான் மேலே நெய்ய வேண்டும். என் அப்பா என்னைத் தறியில் உட்கார வைத்த அன்றைக்கு எவ்வளவு நெய்தேன் என்று தெரியாது. எத்தனை அறுத்தேன் என்பது தெருவுக்கே தெரியும். வேகமாகப் பிடித்தால் கூட ஒன்றிரண்டு தப்பிக்கும். கவனமாக, பக்குவமாக, இரண்டு விரலால் பிடித்தேன் என்றால் நகம் பட்டு நிச்சயம் அறுந்துவிடும்.

"உனக்கு ஆண்டவன் கை வெக்கலடா, கத்திரிக்கோல் வெச்சிருக்கான்" என்பார் அப்பா.

நான் அறுத்ததை எல்லாம் பிணைக்க அடுத்த தெருவிலிருந்து ஏகாம்பரம் வருவார். பாவு பிணைப்பதுதான் அவர் தொழில். ஒரு பாவு நெய்து முடிந்ததும், அதன் ஒவ்வொரு இழையின் முனையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவர் முறுக்குவதைப் பார்த்தால், விரல் அசைகிறதா இல்லையா என்றே தெரியாது. முடிச்சு இருக்காது. எங்கே சேர்த்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது.

"மாமா, இவன மட்டும் தறிய உட்டு எழுப்பிடாதீங்க. என் பொழப்பே இவன நம்பித்தான் ஓடுது" என்று அப்பாவிடம் சொல்வார்.

அப்பா கேட்கவில்லை. எழுப்பிவிட்டார். பின்னாளில் ஏகாம்பரம் தன் தங்கை வசந்தாவை எனக்குக் கட்டிக்கொடுத்தார். வாடிக்கையாளரைக் கைவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம் என்று வசந்தா இன்றைக்கும் சொல்கிறாள்.

சென்னைக்குச் சேலை மூட்டை தூக்கிக்கொண்டு போன இடத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. பணக்காரர்கள் சிலர் சேர்ந்து நவீன ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் என்று ஒரு பெரிய கலைக்கூடம் கட்டியிருந்தார்கள். காவலுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தவர் தேவசகாயம் சார். பட்டாளத்திலிருந்து வந்தவர். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எதையும் தொடாம ஒரே எடத்துல நிக்கத் தெரியுமா?"

"எங்க வீட்டுல வருசக்கணக்கா நான் பாக்குற வேலையே அதான் சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாளைக்கு வா என்றார்.

தேவசகாயம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. மற்ற மேலதிகாரிகளுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும். அவருக்குக் கூடும். சாதாரண நாளில் "டேய் கன்னியப்பா, டீ குடிச்சியாடா" என்பார். மனசுக்குள் லேசாகப் புகைந்தால் "வாங்க கன்னியப்பன்." நிஜமாகவே கோபம் என்றால் கண்ணாடியைக் கழற்றி, மடித்த கைக்குட்டையால் ஒரு பக்கம், மறுபக்கம் என்று நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க கன்னியப்பன் அவர்களே" என்பார். அந்த 'அவர்களே'வைக் கேட்டவன் வீட்டுக்குப் போக மூட்டை கட்ட ஆரம்பிக்கலாம்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இன்றைக்கு இருப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பார்வையாளரிடம் 'தொடாதே' என்று சொல்லவே கூடாது. சொன்னால் அதுவரை தொட நினைக்காதவனுக்கும் ஆசை வரும், வெட்கப்பட்டவன் திரும்பி வரமாட்டான். அதனால் கை நீளுவதைப் பார்த்ததும் சத்தம் போடாமல் நடந்து போய், கைக்கும் படத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்று, "குடிக்கத் தண்ணி அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்று சொல்ல வேண்டும். தொட வந்தவர் குழம்பிப் போய்த் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

"படத்துக்கு முன்னாடி உன் வயிறு இருக்கணும். அவன் தொட்டா உன் தொப்பையத் தொடட்டும்" என்பார் சார்.

இந்த ஒரு விஷயத்தில் நான் சீக்கிரமே கெட்டிக்காரன் ஆனேன். வருடா வருடம் என் தகுதி முன்னால் வளர்ந்துகொண்டே போனது.

இன்னொன்று, முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். முகம் பொய் சொல்லும், கைக்கு அவ்வளவு விவரம் போதாது. நான் பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவர் முகமும் எனக்கு நினைவில்லை. கையைச் சொல்லுங்கள், சொல்கிறேன். தச்சர் வந்தால் சட்டத்தின் மூலையைத் தடவப் பார்ப்பார். டாக்டர் வந்தால் கை பாக்கெட்டுக்குள் இருக்கும். காதலிக்கிறவர்களால் படத்துக்கு ஆபத்தே இல்லை. கை வேறு இடத்தில் இருக்கும்.

நான் செய்த கூத்தும் உண்டு. சேர்ந்த புதிதில் ஒரு பெரிய ஓவியருடைய வாழ்நாள் படங்களை எல்லாம் வரிசையாக மாட்டியிருந்தார்கள். நுழைந்ததும் வலது பக்கம் அவர் சின்னப் பையனாக வரைந்தது, சுற்றிக்கொண்டு வந்தால் கடைசியில் இடது பக்கம் சாகும்போது வரைந்தது. நான் காஞ்சிபுரத்துக்காரன். தடுக்கி விழுந்தால் கோயில், எழுந்தால் பிரகாரம். உள்ளே வருகிற கூட்டத்தை எல்லாம் "இப்படிச் சுத்தி வாங்க, இப்படி" என்று இடது பக்கமாகப் பிரதட்சிணமாகவே அனுப்பினேன். வந்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே, மறுபேச்சில்லாமல் சுற்றினார்கள். நடுவில் இருந்த சிற்பத்துக்கு ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, பார்வையாளர் கருத்தில் 'இவர் வயதாக ஆகச் சிறுபிள்ளைத்தனமாக வரைந்துவிட்டார்' என்று பலரும் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது.

"கன்னியப்பன், அந்த மனுஷன மொதல்ல சாகடிச்சி அப்புறம் பொறக்க வெச்சிருக்கீங்க" என்றார் தேவசகாயம் சார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அதனால் பிழைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிய நாள், நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது வந்தது.

அப்போது நந்தினி என்று ஒரு மேடத்தின் படைப்பு என் கூடத்துக்கு வந்திருந்தது. நம் பக்கத்துப் பெண்தான், வளர்ந்தது வடக்கே. கூரையிலிருந்து தரை வரை சாயம் போடாத பட்டு இழைகளை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார். அப்படியே ஒரு பாவைத் தூக்கி நிறுத்தி வைத்த மாதிரி. நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இழைகள் எல்லாம் அறுந்து கிடக்கும். அறுந்த துண்டுகள் கீழே தரையில் குவியலாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அந்தப் பாவைக் கிழித்துக்கொண்டு நடந்து போன மாதிரி ஒரு இடைவெளி. அந்த இடைவெளிதான் படைப்பு. கத்திரிக்கோல் படாமல் ஒவ்வொன்றையும் கையாலேயே அறுத்தேன் என்று மேடம் சொன்னார். முனை பிசிறு பிசிறாக நிற்க வேண்டுமாம்.

எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப் போனது. நான் சின்ன வயதில் செய்ததற்கு அடி கிடைத்தது, இவருக்குக் கண்காட்சி கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் ஏகாம்பரம் மச்சானுக்குக் கண்ணில் புரை. ஒரு வருடமாக இழை தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். சென்னையில் அறுவை சிகிச்சை ஆகி, கடைசியாகக் காட்ட வந்த நாளில் டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக ரயிலில் ஊருக்குப் போகலாம் என்று என்னைத் தேடி வந்தார். இத்தனை வருடத்தில் அவர் என் வேலையிடத்துக்கு வந்ததே இல்லை.

"இன்னா மாப்ள, நெசமாவே சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கறானுவளா?"

"சும்மா இல்ல மச்சான். தொடாம நிக்கணும். அது தனி."

நந்தினி மேடத்தின் படைப்புக்கு எதிரே ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். பாவு மாதிரி இருக்கிறதே, பொழுது போகும் என்று நினைத்தேன். வேலைநாள் மத்தியானம், கூடத்தில் வேறு யாரும் இல்லை. பக்கத்துக் கூடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒரு படத்தின் சட்டத்தில் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பதாக அங்கே நின்ற காவலர் என்னைக் கூப்பிட்டார். போய் வயிற்றைக் குறுக்கே வைத்தேன். பிள்ளைகள் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். என்னோடும் ஒரு செல்ஃபி வேண்டும் என்றார்கள். நான் அழகாகத் தலையெல்லாம் வாரிக்கொண்டு நின்றேன். அதில் நேரம் போய்விட்டது.

திரும்பி வந்தபோது பெஞ்சு காலி. மச்சான் படைப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இடைவெளியில் பாதியைக் காணோம்.

தரையில் கிடந்த துண்டு இழைகளை எடுத்து, மேல் முனையில் ஒரு முறுக்கு, கீழ் முனையில் ஒரு முறுக்கு, கிடுகிடுவென்று சேர்த்துக்கொண்டு போகிறார். சாம்பலுக்கு எங்கே போனார் என்று பார்த்தால், சட்டைப் பையில் கோயில் திருநீறு மடித்து வைத்திருந்த பொட்டலம் பெஞ்சு மேல் பிரித்துக் கிடக்கிறது.

"மச்சான்! இன்னா பண்ற?"

"இருப்பா, அவசரப்படாத. பாதி முடிஞ்சிடுச்சி." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எவனோ பொறுப்பு இல்லாதவன் இத்தினி இழைய அறுத்துட்டு அப்டியே உட்டுட்டுப் போய்க்கிறான். இத்தன பேரு வந்து பாத்துக்கினு போறாங்களே, ஒருத்தனுக்குக் கைய வெக்கத் தோணலியா? எனக்கு ஒண்ணொண்ணும் தெரியுது மாப்ள. கண்ணாடிகூட வேணாம். ஒண்ணொண்ணும் தனித்தனியா தெரியுது."

அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். ஆயிரக்கணக்கான கைகளைப் பார்த்த நான், மச்சான் கையை மட்டும் பார்க்காமல் விட்டேன்.

சேதம் ஏற்பட்டால் முறை இதுதான்: எதையும் தொடக் கூடாது, சரி செய்யப் பார்க்கக் கூடாது, உடனே மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். தேவசகாயம் சார் வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார்.

"சொல்லுங்க கன்னியப்பன் அவர்களே. இவரு யாரு?"

"என் மச்சான் சார். பாவு பிணைக்கிறவரு."

சார் மச்சானைப் பார்த்து, "எவ்வளவு பண்ணிருக்கீங்க?" என்றார்.

"பாதிக்குக் கொஞ்சம் மேல வந்துட்டுது சார். கண்ணு ஆபரேசன் ஆன புதுசு பாருங்க, அதான் மெதுவாப் போவுது. இல்லன்னா இந்நேரம் முழுசா முடிச்சிக் குடுத்திருப்பேன்."

சார் கண்ணாடியை மறுபடியும் கழற்றித் துடைத்தார். ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை துடைத்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அலுவலகத்திலிருந்து மேலாளர் ஓடி வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் எல்லாரையும் போல மரியாதை குறையும். போலீசைக் கூப்பிடு, இந்த ஆளைப் பிடித்துக் கொடு, இவனை இன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கு என்றார். அப்போதுதான் மச்சானுக்கு விஷயம் புரிந்தது. தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்பது முகத்தில் மெதுவாக ஏறியது. விரலில் ஒட்டியிருந்த திருநீற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அறுத்தே வெக்கறதுக்குன்னா பண்ணாங்க?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். "மின்னாடியே சொல்லக் கூடாதா மாப்ள?"

தேவசகாயம் சார் மேலாளரிடம், படைப்பு யாருடையதோ அவர் வந்து பார்க்கட்டும், அதுவரை யாரையும் கூப்பிட வேண்டாம் என்றார். நந்தினி மேடம் ஊரில்தான் இருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். நானும் மச்சானும் சுவரோரம் நின்றோம். எனக்கு வேலை போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு வருடம் இருட்டில் இருந்துவிட்டுக் கண் தெரிந்த முதல் நாளில் மச்சான் போலீஸ் ஸ்டேஷனைப் பார்க்க வேண்டுமா, வசந்தா முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் கிட்டே போய்ப் பார்த்தார். சேர்த்த இழைகளை விரலால் மேலிருந்து கீழே தடவினார். மச்சானைப் பார்த்தார்.

"நீங்க பண்ணதாங்க?"

"ஆமாம்மா. தெரியாமப் பண்ணிட்டேன்."

"ரொம்ப நல்லாப் பண்ணிருக்கீங்க. ஆனா எனக்கு இது வேண்டாங்க. இது மூடிட்டா என்னோடது இல்ல." குரலில் கோபம் இல்லை, இளக்கமும் இல்லை. "பழையபடி ஆயிட்டா நான் யார் மேலயும் எதுவும் சொல்லமாட்டேன். ஆகலன்னா எழுத்துல குடுத்துத்தான் ஆகணும். வேற வழி இல்ல."

அவரே ஒரு இழையைப் பிடித்து இழுத்தார். அறவில்லை. பட்டு சும்மா அறாது. விறைப்பாகத் தொங்குகிற நிலையில் இன்னும் கஷ்டம். அழுத்தி இழுத்ததும் பக்கத்தில் இருந்த நல்ல இழைகள் எல்லாம் சேர்ந்து தளர்ந்தன. பதறிக் கையை எடுத்துவிட்டார். முதலில் அறுத்தபோது தரையில் படுக்கப்போட்டு வாரக்கணக்கில் செய்தாராம். மேலாளர் கத்திரிக்கோல் கொண்டு வந்தார். மேடம் பார்த்த பார்வையில் கத்திரிக்கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

"நீங்களே அறுத்துடுங்க. உங்களுக்குத்தான் நூல் பழக்கம்" என்றார் மேடம் மச்சானிடம்.

மச்சான் போய் நின்றார். ஒரு இழையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு விட்டுவிட்டார்.

"போலீசு கிட்டயே குடுத்துடும்மா. பாவ என் கையால அறுக்க மாட்டேன்."

போய்ப் பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மேலாளர் செல்போனை எடுத்தார்.

"சார், நான் பண்றேன் சார்" என்றேன்.

தேவசகாயம் சார் என்னைப் பார்த்தார். "நீங்க இங்க எதையும் தொட்டதே இல்லையே கன்னியப்பன் அவர்களே."

"அதுக்கு மின்ன எங்கப்பா தறியில எல்லாத்தையும் தொட்டேன் சார். தொட்டதெல்லாம் அறுந்துது. அதனாலதான் உங்க கிட்ட வந்தேன்."

மேடத்திடம் என் கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, பாப்போம்" என்றார்.

போய் ஒரு இழையைப் பிடித்தேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து படத்துக்கு முதுகைக் காட்டி நின்றவன், முதல் தடவையாக ஒன்றை நேருக்கு நேர் தொடுகிறேன். அறு, அறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இழுத்தேன். அறவில்லை. இன்னொன்றைப் பிடித்தேன். அதுவும் அறவில்லை. என் வாழ்க்கையில் அறக் கூடாது என்று வேண்டிக்கொண்ட அத்தனை இழையும் அறுந்திருக்கிறது. இன்றைக்கு அறட்டும் என்று வேண்டுகிறேன், இரும்புக் கம்பி மாதிரி நிற்கிறது. வேர்த்துக் கொட்டியது.

பெஞ்சிலிருந்து மச்சானுக்கு என் நிழல் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னாடா இழுக்கற? மாட்டையா இழுக்கற? இழைய அப்டியாடா புடிப்ப?" திரும்பாமலே திட்டினார். "உங்கப்பா எவ்ளோ சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு வெரல்ல புடி. நோவாம புடி. கொழந்த கைய புடிக்கிற மாதிரி."

இரண்டு விரலில் பிடித்தேன். நோகாமல் பிடித்தேன்.

டப்.

அறுந்தது. முனை பிசிறு பிசிறாக நின்றது. பக்கத்து இழை ஒன்றுகூட அசையவில்லை.

"அறுத்துட்டியா!" என்றார் மச்சான் அங்கிருந்தே. சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேடம் குனிந்து முனையைப் பார்த்தார். "இப்படித்தான்" என்றார். "இதேதான்."

"மச்சான், நிறுத்தாத. சொல்லிக்கினே இரு" என்றேன்.

"இன்னாத்த சொல்றது? உனக்குச் சொல்லிச் சொல்லி உங்கப்பாவே போய்ச் சேந்துட்டாரு. வெரல வளைக்காதடா."

டப்.

"மெதுவாடா!"

டப்.

"அடப்பாவி, கொஞ்சமாவது கவனமாப் புடியேன்டா!"

டப்.

மேல் முனையில் ஒன்று, கீழ் முனையில் ஒன்று என்று மச்சான் முறுக்கிய இடங்களை எல்லாம் அறுத்துக்கொண்டு போனேன். எவ்வளவுக்கெவ்வளவு அவர் பக்குவம் சொன்னாரோ, அவ்வளவுக்கவ்வளவு வேலை சுத்தமாக நடந்தது. ஒவ்வொரு 'டப்'புக்கும் மச்சான் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு குலுங்கு குலுங்கினார். மேலாளர் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அறுந்து விழுந்த துண்டுகளை மேடமே எடுத்துத் தரையில் பழைய குவியலோடு சேர்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மச்சான் தோள் வேறு மாதிரி குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாரோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தால், வேட்டி முனையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசி இழையும் அறுந்தது. மேடம் வாசல் வரை பின்னால் போய் நின்று பார்த்தார். யாரோ நடந்து போன வழி பழையபடி திறந்து கிடந்தது. இழைகளில் அங்கங்கே திருநீறு லேசாக ஒட்டியிருந்தது. மென்மையான தூரிகையால் அதையும் அவரே தட்டிவிட்டார். "சரியாயிடுச்சு" என்றார் மேலாளரிடம். அப்போதுதான் மச்சான் திரும்பிப் பார்த்தார். மச்சானுக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு தேவசகாயம் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார்.

"டேய் கன்னியப்பா" என்றார். "உன் மச்சானுக்கு டீ வாங்கிக் குடுடா."

அந்த 'டா'வுக்கு ஈடாக எனக்கு வேறு எந்த மரியாதையும் யாரும் கொடுத்ததில்லை. கேன்டீனில் டீ வந்ததும் சூட்டோடு வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். மச்சான் என் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டார். ஆறியதும் கொடுத்தார்.

ரயிலில் எங்களுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மச்சான் வெளியே போகிற மரங்கள், கம்பங்கள், மின்கம்பிகள் என்று எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வாலாஜாபாத் தாண்டியதும் என் வலது கையை எடுத்துத் திருப்பி, கட்டைவிரல் நகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"எத்தன தபா இத வெட்டுடான்னு திட்டியிருப்பேன்" என்றார். "நல்ல வேளை, நீ எவன் பேச்சயும் கேக்கற ஆளு இல்ல."

வீட்டுக்குப் போனதும் வசந்தா அண்ணனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"கண்ணு நல்லாத் தெரியுதாண்ணா? அவரு வேல செய்யற எடத்துக்குப் போனீங்களாமே, இன்னா பாத்தீங்க?"

மச்சான் தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்தார்.

"உம் புருசன் பாவுல கைய வெச்சி, நல்லாப் பண்ணிட்டன்னு ஒரு ஆளு சொல்றத பாத்தேம்மா" என்றார். "அதுக்குத்தான் இந்தக் கண்ணு வந்துது போல."